அந்த வாரம் நீ ஆடிட்டர்

வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீசுக்கு ஆடிட் வந்தது. வந்தவர் ஒரே ஒரு ஆள்தான், கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷன். ஆனால் அவருக்காகக் காலையிலிருந்தே மொத்த ஆபீசும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பியூன்கூட அன்றைக்குச் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார். டீ வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. என் வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியாததா?

"சார், ஆடிட்டர்ங்கற வார்த்தைக்கு லத்தீன்ல காது கொடுத்துக் கேட்கிறவர்னு அர்த்தம் சார். அந்தக் காலத்துல கணக்கைச் சத்தமா வாசிப்பாங்களாம். உக்காந்து கேக்குறதுதான் ஆடிட்டர் வேலையாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷம் இந்தப் பேரைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன், யாரும் இதைச் சொன்னதில்லையே. எங்க படிச்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

"எங்கேயோ படிச்சேன் சார்" என்றேன்.

எங்கேயும் படிக்கவில்லை. நீ சொன்னது. நாம் கார் சீட் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஒரகடம் சிக்னலில் கம்பெனி பஸ் நகராமல் நின்ற ஒரு காலையில், ஜன்னல் சீட்டில் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏல, ஆடிட்டர்னா என்னன்னு தெரியுமால?" என்று என் விலாவில் இடித்துச் சொன்னது. தூங்கவிடாமல் இடித்ததற்கு உன்னைத் திட்டினேன்.

இது முதல் தடவையும் இல்லை. தாசில்தார் மாறுதலாகிப் போனபோது நடந்த பிரிவுபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'மினிஸ்டர் என்றால் வேலைக்காரர், மாஜிஸ்ட்ரேட் என்றால் எஜமானர், முதல் சொல்லின் வேருக்குக் குறைவு என்று பொருள், இரண்டாவதன் வேருக்கு அதிகம் என்று பொருள்' என்று உன் சரக்கை எடுத்து விட்டேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். ஆபீசில் எனக்கு விஷயம் தெரிந்தவன் என்று பேர். யாராவது புதுப் பதவியோடு வந்தால், "அதுக்கு இன்னா மீனிங், சொல்லுங்க சார்" என்று என்னைத்தான் இழுத்து விடுகிறார்கள். நான் சொல்கிறேன். ஒருமுறைகூட, "என் ரூம்மேட் சொன்னான்" என்று சொன்னதில்லை. சொன்னால் அடுத்து, "அவர் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு உன்னை ஒவ்வொரு தடவையும் 'எங்கேயோ' ஆக்கிவிடுகிறேன்.

உனக்கு ஏன் அந்தப் பித்து பிடித்தது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன் கேள்வித்தாளைப் படிக்க வேண்டும். நீ பதவிப் பெயர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு ஒரு கதை சொன்னாய். பள்ளியில் படிக்கும்போது வருமானச் சான்றுக்காக உன் அப்பாவோடு ஆபீசுக்குப் போயிருக்கிறாய். வாசலில் பதவிப் பெயர் எழுதிய போர்டு, வெள்ளையில் பெரிய பெரிய கறுப்பு எழுத்து. "உள்ள இருக்கவரப் பாக்கவே இல்லல. போர்டப் பாத்ததுமே எனக்கு ஒண்ணுக்கு வந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தப் பயம் போக வேண்டுமென்றுதான் பெயர்களைக் கழற்றிப் பார்த்தாயாம். "பிரிச்சுப் பாத்தா எல்லாரும் ஏதோ ஒரு வேலைக்கு வச்ச ஆளுதாம்ல. கலெக்டர் வசூல் பண்ண வந்தவரு. கான்ஸ்டபிள் ராஜா வீட்டுக் குதிரை லாயத்தப் பாத்துக்கிட்டவரு. சான்சலர் இருக்காருல்லா, கோர்ட்டுல கம்பித் தடுப்புக்குப் பக்கத்துல நின்ன ஆளு. நம்ம கேண்டீன்ல கூப்பன் வாங்குதவரு மாதிரி."

அதற்குப் பிறகு கேண்டீன் கம்பிக்குப் பின்னால் நின்ற அந்தப் பெரியவருக்குச் சான்சலர் என்றே பேர் விழுந்தது. செக்ரட்டரி என்றால் ரகசியம் காப்பவர் என்று தெரிந்த அன்றைக்கு, "அப்ப நம்ம ரூம்ல அந்தப் போஸ்ட் காலி. மூணுமே ஓட்டவாய்" என்றாய். சேரப்பணஞ்சேரியில் நம் மாடி ரூமுக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்கார காஞ்சனாக்காதான் கவர்னர். கவர்னர் என்றால் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பவராம். நம் கப்பலுக்குத் தண்ணீர் மோட்டார் சுவிட்ச்தான் சுக்கான், அது அவர் கையில் இருந்தது. "இன்னாபா, என்னிய கவுனரு கவுனருன்னு சொல்லிகினு கீறீங்க? வாடகைக்கு வந்த புள்ளைங்க மாதிரியா கீது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அன்றைக்கு மோட்டார் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

எல்லாம் நீ சரியாகச் சொன்னாய் என்றும் நினைத்துக்கொள்ளாதே. ஷெரீப் என்பது அரபியிலிருந்து வந்தது என்று நம்மோடு தங்கியிருந்த செல்வத்திடம் அடித்துப் பேசினாயே, அது தப்பு. அது இங்கிலாந்தில் ஊர்ப்பகுதியைக் கவனித்துக்கொண்ட அதிகாரியின் பழைய பெயர். போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. ஆபீசில் ஒருவர் திருத்தியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. விட்டுக்கொடுக்காமல் உன் பக்கமே நின்று வாதாடித் தோற்றேன். நீ இருந்திருந்தால் முதலில் நான்தான் உன்னை ஓட்டி எடுத்திருப்பேன்.

பதவியைப் பிரித்துப் பார்த்தது போதாதென்று, அதை ரூமிலேயே நடத்த ஆரம்பித்தோம். நீ, நான், செல்வம், மூன்று பேர். மூன்று வேலை. சமைத்துப் பாத்திரம் கழுவுபவன் மினிஸ்டர். மூன்று பேருக்கும் பொதுவாக வாங்கிய பழைய பைக்கைக் கழுவி, பெட்ரோல் போட்டு, பஞ்சர் பார்ப்பவன் கான்ஸ்டபிள். மூன்றாவது ஆடிட்டர். மற்ற இரண்டு பேரும் ஷிப்ட் முடிந்து வந்து புலம்பும்போது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. ஞாயிறு சாயங்காலம் பொறுப்பு மாற்றம். கரண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், பைக் சாவி போகும். ஆடிட்டருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாததால் பழையவன் புதியவனுடைய காதைப் பிடித்து ஒரு திருகு திருகிவிடுவான்.

விளையாட்டுத்தான். ஆனால் அந்த ரூமில் எனக்குப் பிடித்தது அதுதான். ஊரைவிட்டு வந்து, நாள் முழுக்கக் கார் சீட்டுக்கு போல்ட் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு, இன்றைக்கு நான் பேசினால் கேட்க ஒருவன் இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! வீட்டுக்குப் போன் செய்து சொல்ல முடியாததை எல்லாம் ஆடிட்டரிடம் சொன்னோம். செல்வம் ஒருமுறை அழக்கூட அழுதான்.

ஒரே ஒரு விதியை மட்டும் நான்தான் கொண்டுவந்தேன். நீ ஆடிட்டரான வாரங்களில் எங்களைப் பேச விடமாட்டாய். நான் கால் வலி என்றால் நீ உன் முதுகு வலியை ஆரம்பிப்பாய். செல்வம் வீட்டுக் கடனைச் சொன்னால் உங்கள் சித்தப்பாவின் கடன் நடுவில் வந்துவிடும். ஒருநாள் எரிச்சலில், "இனிமே ஆடிட்டர் தன் கதையப் பேசக் கூடாது. ஞாயித்துக்கிழமை பொறுப்பைக் கொடுக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தா அடுத்த மாசம் முழுக்க மினிஸ்டர்" என்றேன். செல்வம் கைதட்டினான். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரில. பதவின்னு வந்துட்டா அதுக்குன்னு ஒரு முறை உண்டுல்லா" என்றாய்.

விதி போட்டவன் நான், அதை ஒருநாளும் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. செல்வமும் அப்படித்தான். நீ ஒருவன்தான் காப்பாற்றினாய். அத்தனை பேசுகிறவன், ஆடிட்டர் வாரம் வந்தால் உன் கதையில் ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். சாப்பாடு, பஸ், குளியல் பற்றிப் பேசுவாய். உன்னைப் பற்றிக் கேட்டால் விரலை உதட்டில் வைத்துக்காட்டுவாய். நாங்கள் வேண்டுமென்றே கிண்டிப் பார்ப்போம். அசைய மாட்டாய்.

கடைசி வாரம் நீ ஆடிட்டர். செல்வம் மினிஸ்டர். பைக் சாவி என்னிடம். அந்த வாரம் லைனில் என்னை உட்கார்ந்து செக் பண்ணும் வேலையிலிருந்து தூக்கி, நின்றுகொண்டே போல்ட் முடுக்கும் இடத்தில் போட்டுவிட்டார்கள். உலகமே இடிந்த மாதிரி இருந்தது எனக்கு. திங்கள் புலம்பினேன். செவ்வாய் புலம்பினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு நீ கேட்டாய். யார் என்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவர் பேராகச் சொல்லிச் சந்தேகப்பட்டேன். நீ கேட்டாய்.

புதன்கிழமை சாயங்காலம் நீ போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிக்கு வந்தாய். புழுக்கம் தாங்காமல் நான் பனியனைக் கழற்றி வைத்திருந்த நேரம். "என்னடா, ஆடிட்டர் கவுன் மாட்டிக்கிட்டு வந்துட்டாரா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். பல் லேசாகத் தந்தியடித்தது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு என் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். நீ ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. உன் தலையணைக்கு அடியில் இருந்த காலி அட்டையைச் செல்வம் எடுத்துக் காட்டினான்.

வியாழக்கிழமையும் பேசினேன். வேலையை விட்டுவிடலாமா, மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனி பார்க்கலாமா என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். "ஏய், கேட்டுக்கிட்டிருக்கியா?" என்றேன்.

"ம்" என்றாய்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்குகிறாய் என்று நினைத்தேன். எனக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. ஷிப்ட் பாதியில் உன் லைன் நின்றது. எங்கள் பக்கம் இருந்து பார்த்தால் கூட்டம் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம்தான் கேட்டார். "நீங்க கூடத் தங்கறவரா? காய்ச்சல் எப்போலருந்து?" எனக்குத் தெரியவில்லை. ஒரு கை எட்டும் தூரத்தில் படுத்துத் தூங்கியவன் நான். "வாந்தி இருந்துச்சா? வயித்து வலி சொன்னாரா?" தெரியவில்லை. "ஒண்ணுமே சொல்லலையா?" என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த வாரம் அவன் பேசக் கூடாது சார், அது எங்கள் ரூமில் ஒரு விதி, போட்டது நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? "சொல்லல சார்" என்றேன். டெங்கு என்றார்கள், ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். அந்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் துணிமணியை எடுக்க நானும் செல்வமும் ரூமுக்கு வந்தபோது காஞ்சனாக்கா படியில் உட்கார்ந்து அழுதார். "கஞ்சி வச்சித் தரட்டுமாப்பான்னு கேட்டேன். சிரிச்சிகினே தலைய ஆட்டிட்டுப் போச்சி அந்தப் புள்ள. ஒடம்புக்கு இன்னான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. நீங்களாச்சும் என்னாண்ட சொல்லக் கூடாதா?" என்றார். செல்வம் அவரிடம் ஆடிட்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா வெளயாட்டுப்பா அது?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நீ சொல்லியிருக்கலாம். யாரும் உன்னைப் பாத்திரம் கழுவ வைத்திருக்க மாட்டோம். சில நாள் எனக்கு உன்மேல் ஆத்திரமாகக்கூட வரும். விளையாட்டுக்குப் போட்ட விதியை இப்படியா பிடித்துக்கொள்வான் ஒருவன்! பிறகு நினைத்துக்கொள்வேன். அரசாங்கத்தில் ஒரு பதவி என்று எத்தனை தேர்வு எழுதினாய். கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன், அந்தக் காலத்து ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவன் வெள்ளை உடுப்பில்தான் வருவான் என்று கண்டுபிடித்ததிலிருந்து, ஒவ்வொரு தேர்வுக்கும் அதே வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போனாய். உனக்கு என்று கிடைத்த ஒரே பதவி அந்த மொட்டை மாடியில் கிடைத்ததுதான். அதை நீ ஒழுங்காகப் பார்த்தாய்.

துணைக்கு வா என்று உன் தொந்தரவுக்காகத்தான் நானும் அந்தக் கடைசித் தேர்வை எழுதினேன். விண்ணப்பம் போட்டதுகூட நீதான். ரிசல்ட் வந்தபோது என் நம்பர் இருந்தது. உன் தேர்வு நம்பரும் என் போனில் இருந்தது. பார்க்கவில்லை. இருந்தாலும் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது. இளநிலை உதவியாளர் என்று ஆர்டர் வந்து, இதே பக்கத்தில் போஸ்டிங்கும் கிடைத்துவிட்டது. மேசைமேல் வைக்கப் பெயர்ப்பலகை செய்து கொடுத்தார்கள். அதை நான் டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். வாசலில் நிற்கிற எந்தப் பையனுக்கும் அதைப் பார்த்து ஒண்ணுக்கு வரக் கூடாது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், அதைப் பார்க்கும்போதெல்லாம் அது உன் நாற்காலி என்று தோன்றுகிறது.

உன் அம்மா அவ்வப்போது போன் செய்வார். நலம் விசாரிப்பார், கல்யாணம் எப்போது என்பார், கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார். "எம்புள்ள கடைசியா ஒங்கிட்ட என்ன சொன்னாம்யா?" நான் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வேன். ஒருமுறை, "உங்களைக் கேட்டாம்மா" என்றேன். இன்னொரு முறை, தீபாவளிக்கு ஊருக்குப் போகணும் என்று சொன்னதாகச் சொன்னேன். போன மாதம், உங்கள் மீன் குழம்பைப் பற்றிப் பேசினான் என்றேன். "அப்படியாய்யா" என்று ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். அவர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என் பொய் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த ஆடிட்டரிடம் 'எங்கேயோ' என்று சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் சொற்களை எடுத்து நான் பேர் வாங்குகிறேன். உன் அம்மாவுக்கோ, நீ சொல்லாத சொற்களை உன் பேரில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஞாயிறு. சாயங்காலம் நானே அவருக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மினிஸ்டர், கான்ஸ்டபிள், ஆடிட்டர், நான் போட்ட விதி, போர்வை, எல்லாவற்றையும். "அவன் ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். கேக்குறியான்னு கேட்டேன், ம்-னு சொன்னான். அவ்வளவுதாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது.

"மூணாப்பு படிக்கையில அவன கிளாஸ் லீடர் ஆக்குனாவ" என்றார். "பேசுதவன் பேர போர்டுல எழுதணும்லா. அன்னைக்கின்னு பாத்து முள்ளு குத்தியிருக்கு. லீடர் பேசக் கூடாதுன்னு டீச்சர்ட்டகூடச் சொல்லாம, காலு வீங்கி வீட்டுக்கு வந்து நிக்கான். அவன் அப்படித்தாம்யா. வேல குடுத்தா விட மாட்டான்."

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. நீ எப்போது நடக்க ஆரம்பித்தாய், எதற்கெல்லாம் அடி வாங்கினாய், அந்த வெள்ளைச் சட்டை எந்தக் கடையில் எடுத்தது, அது இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது, எல்லாம் வந்தது. இத்தனை நாள் நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவர் பேச இடமே இல்லாமல் போயிருக்கிறது. என்னை மன்னிச்சிருங்கம்மா என்று சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அது என் கதை. மூடிக்கொண்டேன்.

"கேட்டுக்கிட்டிருக்கியாய்யா?" என்று நடுவில் கேட்டார்.

"ம்" என்றேன்.